அணையாக வளர்ந்த உபகாரச் சம்பளம்

கல்வி நிதி திரட்டுவதென்றால், தருமம் செய்கிறோம் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு எழுகின்றது. கொடுப்பவர் ஒரு படி உயர்ந்தும் பெறுபவர் ஒரு படி தாழ்ந்தும் நிற்பதாகக் கருதிவிடுகிறோம். நாம் குடியேறி வாழும் இப்புனே நகரின் சரித்திரமோ வேறு பாடம் புகட்டுகின்றது. கட்டடமும் பாலமும் அணையும் கட்டும் கலையைப் பயில விழையும் மாணவனுக்கு அளிக்கும் பொருள், பன்மடங்காகப் பொதுமக்களுக்கே திரும்பி வரும் என்பதற்கு இந்நகரமே சான்று.

1854ஆம் ஆண்டில் இங்கே ஓர் இஞ்சினீயரிங் பள்ளி தொடங்கப்பெற்றது. மராமத்து இலாகாவுக்கு வேண்டிய கீழ்நிலை அலுவலரைப் பயிற்றுவதே அதன் நோக்கம். நாளடைவில் அது கல்லூரியாக வளர்ந்து, 1880 முதல் விஞ்ஞானக் கல்லூரி என்ற பெயருடன் விளங்கிற்று. 1911இல் பொறியியற் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 2022இல் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது.

அக்கல்லூரிக்கு மைசூர்ச் சீமையிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். முத்தனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். பெங்களூரில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவ்வருவாயின் துணையால் 1881இல் பி.ஏ. தேறியவர். பொறியியல் பயில அவருக்கு ஆர்வம் இருந்தது, பொருள் இல்லை. மைசூர் அரசு அளித்த உபகாரச் சம்பளமே அவரைப் புனேக்குக் கொண்டுவந்தது. அந்நாளில் மைசூர்த் திவானாக விளங்கியவர், நமது செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த ரங்காச்சார்லு என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. 1883இல் அவ்விளைஞர் இறுதித் தேர்வில் முதல்வராகத் தேறி, பெர்க்லி பரிசையும் பெற்றார். அவரே மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

அவ்வுதவியின் பயனை முதலில் நுகர்ந்தது இந்தப் பம்பாய் மாகாணமே. 1884இல் இங்கே மராமத்து இலாகாவிற் சேர்ந்த அவர், நீர் மிகும்போது தாமே திறந்து, வடியும்போது தாமே மூடும் மதகுகளை 1903இல் நம் கடக்வாஸ்லா அணையில் அமைத்தார். 1908இல் வெள்ளத்தால் அழிந்த ஐதராபாத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் வகுத்தார். 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைக்கு மூலகாரணராயினார். காவிரி நீர்ப் பங்கீட்டில் தமிழர்க்குள்ள வழக்கு வேறு. அவ்வணையைக் கட்டிய திறமையை நாம் போற்றாதிருத்தல் இயலாது. அவர் திவானாயிருந்த காலத்தில், 1917இல், பெங்களூரிலேயே பொறியியற் கல்லூரி தோன்றிற்று. தாம் வேண்டிப் பெற்ற வாய்ப்பை அடுத்த தலைமுறைக்கு வாயிலிலேயே கிடைக்கச் செய்தார்.

கட்டுமான அறிவு குறைவுபட்டால் என் விளையும் என்பதையும் இந்நகரம் அறியும். 1961 ஜூலை 12ஆம் நாள், வேலை முற்றுப்பெறாத நிலையில் நீர் நிரம்பிய பான்ஷெட் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தைத் தாங்காது கடக்வாஸ்லா அணையும் உடைய, ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. ஆகவே, கட்டுமானக் கல்வி வயிறு வளர்க்கும் கல்வி மட்டுமன்று. உயிர் காக்கும் கல்வியுமாகும்.

நிதியை எவ்வாறு நிலைநிறுத்துவது? அதற்கும் முன்மாதிரி உண்டு. 1892இல் ஜாம்செட்ஜி டாட்டா நிறுவிய கல்வி நிதி, அயல்நாட்டில் உயர்கல்வி பயில்வோர்க்குப் பொருளைக் கடனாகவே வழங்கிற்று. படித்து உயர்ந்தவர் திருப்பிச் செலுத்தும் தொகை, பின்வரும் மாணவர்க்கு உதவும். பெறுபவரின் தன்மானமும் குன்றாது, நிதியும் வற்றாது.

நம் வீடுகளை எழுப்புவோர் கொத்தனாரும் சித்தாளும். கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை தீர்வை திரட்டி அவர்தம் நலனுக்குச் செலவிட 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. அரசு செய்வது அரசின் கடமை. நாம் செய்யவேண்டுவது நம் கடமை. விழாச் செலவில் ஒரு பகுதியையும், குடும்பந்தோறும் மாதம் ஒரு சிறு தொகையையும் ஒதுக்கினால், ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் டிப்ளமா வகுப்பிலோ பட்ட வகுப்பிலோ சேர்த்துவிடலாம். வட்டியில்லாக் கடனாக அதனை வழங்குவோம்; சம்பாதிக்கத் தொடங்கிய பின் அவர் அடுத்தவர்க்காகத் திருப்பித் தரட்டும். சாரத்தின் மீது செங்கல் சுமக்கும் தாயின் மகனோ மகளோ, அதே கட்டடத்தின் வரைபடத்தில் கையொப்பமிடும் நாளை நம் காலனி காணவேண்டும். அதற்கான முதற்கல்லை இவ்வாண்டு விழாவிலேயே நாட்டுவோமாக.