சுருள் நாடாவில் ஒரு மேளச்சமா



வரலாறு என்றதும் கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி என்று கண்ணால் வாசிக்கும் சான்றுகளையே நாம் நினைத்துக்கொள்கிறோம். காதால் கேட்கவேண்டிய சான்றுகளும் உண்டு. அவை கல்லைப்போல நின்று நிலைப்பவை அல்ல. மெல்லிய நாடாவிலே இரும்புத் துருப்பொடி பூசி, அதிலே பதித்துவைத்த ஓசைகள் அவை. அத்தகைய ஒரு நாடாவைப் பற்றியும், நமது தவிலிசை வரலாற்றில் விழுந்திருக்கும் ஒரு பெரும் பள்ளத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

தீவகத்து இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். சங்கீதத்தை முறையாகக் கற்றவன் அல்லன். எனினும் எங்கள் வீட்டில் இசை இருந்தது. என் அப்பப்பா வேலணையிலே பிறந்து, தீவகத்தார் பலரையும் போலக் கொழும்பிலே கடை வைத்திருந்தவர். ஆண்டு முழுவதும் கடை. திருவிழாக் காலம் வந்தால் ஊர். 1960களின் நடுப்பகுதியில் அவர் ஒரு ரேப் ரெக்கோடர் வாங்கினார். இரண்டு சுருள்கள் மேலே சுழலும் பாரமான பெட்டி அது. அந்தப் பெட்டியை வள்ளத்தில் ஏற்றி நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் கொண்டுபோவாராம். கோயில் லைற் மெசினிலிருந்து மின்சாரம் எடுத்து, விடியும்வரை மேளச்சமாவைப் பதிவுசெய்வாராம்.

அந்த முயற்சியின் பெறுமதியை உணர, அக்காலத்து ஒலிப்பதிவின் நிலையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மேல் இடமில்லை. கீர்த்தனை ஒன்றைச் சுருக்கிப் பாட அது போதும். திருவிழா இரவொன்றில் ஒரு மணி நேரம் நீளும் தவில் தனியாவர்த்தனம் அதற்குள் எப்படி அடங்கும்? பிற்காலத்தில் வந்த நீண்ட நேர இசைத்தட்டிலும் கோயில் வீதிக்கு இடம் கிடைத்தது அரிது. ஆகவே, அக்காலத் தவிலின் உச்சமான வாசிப்புகளைப் பதிவுசெய்யும் வேலை வானொலியின் கையிலும், என் அப்பப்பாவைப் போன்ற ஆர்வலர்களின் கையிலும் விழுந்தது.

வானொலி இங்கே 1925இல் கொழும்பிலே தொடங்கியது. 1949இல் அது றேடியோ சிலோன் ஆயிற்று. 1967இல் கூட்டுத்தாபனம் ஆயிற்று. அந்த வானொலியில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் நம்முடையவை. ஆனால் ஒலிபரப்பாவது வேறு, பேணப்படுவது வேறு. நாடா விலைகூடிய பொருளாக இருந்த காலம் அது. ஒன்றை அழித்து, அதன்மேல் இன்னொன்றைப் பதிவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. லண்டன் பி.பி.சி.கூட 1960களிலும் 70களிலும் தனது நிகழ்ச்சிகள் பலவற்றை அவ்வாறு அழித்திருக்கிறது.

அந்தக் காலத்திலேதான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்னும் தவில் மேதை வாழ்ந்தார். 1933இல் இணுவிலிலே பிறந்தவர். 1975இல், 41 வயதில் மறைந்தவர். இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர, தவில் கலைஞர்களின் தாயகங்களாக விளங்கிய காலம். தஞ்சை நாட்டு வித்துவான்கள் திருவிழாக் காலங்களில் இங்கு வந்து வாசிப்பதும், நம்மவர்கள் அங்கு சென்று வாசிப்பதும் வழமை. தவில் பிறந்து வளர்ந்த தஞ்சை மண்ணே வியந்து தலையசைத்த கை தெட்சணாமூர்த்தியுடையது. அவர் கையின் ஓசையில் இன்று நமக்கு எஞ்சியிருப்பது சொற்பம். இயக்குநர் அம்ஷன் குமார் 2015இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. அதன்பிறகே நம் இளைஞர் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டனர் என்பது நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் லண்டனிலே ரபி ஹேய்ஸ் என்றொரு சக்ஸபோன் கலைஞர் இருந்தார். பிறந்தது 1935இல், மறைந்தது 1973இல், 38 வயதில். நவீன ஜாஸ் இசையில் பிரித்தானியாவின் முதன்மையான கைகளில் ஒன்று அவருடையது. 1969இல் அவர் பதிவுசெய்த ஓர் இசைத்தொகுப்பு வெளிவராமலே கிடந்து, ஐம்பது ஆண்டுகளின் பின் 2019இல்தான் வெளியாயிற்று. ஜாஸ் இசையும் நமது தனியாவர்த்தனத்தைப் போலவே அந்தக் கணத்தில் கற்பனையில் பிறப்பது. மறுநாள் அதையே திரும்ப வாசிக்க முடியாது. பதிவு இல்லாவிட்டால் அது இல்லாமலே போய்விடும். கல்கத்தாவிலே பிறந்த ஜோன் மேயரும் யமேக்காவிலே பிறந்த ஜோ ஹரியற்றும் 1966இல் லண்டனில் இந்திய இசையையும் ஜாஸையும் சேர்த்து வாசித்தபோது, இந்த உறவைத்தான் அவர்கள் கண்டிருக்க வேண்டும்.

இனி எங்கள் நாடாவுக்கு வருகிறேன். 1991இல் தீவகத்தை விட்டு நாங்கள் வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. அப்பப்பா அப்போது உயிரோடு இல்லை. கையில் எடுத்தது உடுபுடவையும் காணி உறுதியும் மட்டுமே. ரேப் ரெக்கோடரும் சுருள்களும் பெட்டகத்தில் இருந்தன. பல ஆண்டுகளின் பின் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையுமில்லை, கதவு நிலைகளுமில்லை. கிணற்றடி வேலியிலே பழுப்பு நிற நாடா சிக்குண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டதும் பொடி விரலில் ஒட்டியது. எந்த இரவின் மேளமோ, அது உப்புக்காற்றோடு போயிற்று.

தப்பியவை இரண்டு சுருள்கள். 1980களில் கனடாவுக்குப் போன பெரியப்பா அவற்றைத் தம்மோடு கொண்டுபோயிருந்தார். 2019இல் ரொறன்ரோவில் அவற்றைக் கணினிக்கு மாற்றி எனக்கு அனுப்பினார். அப்பப்பா சிக்கனக்காரர். 1,200 அடி நாடாவை விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓட்டினால் 32 நிமிடம்தான் பதியலாம். அவர் வேகத்தைப் பாதியாக்கி 64 நிமிடம் பதிந்திருக்கிறார். அதனால் வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் கூர்மையான ஒலி சற்று மழுங்கியே கேட்கிறது. எனினும் அந்தத் தவில்! சொற்கட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்து விரிந்து, அவிழாது என்று நாம் நினைக்கும் இடத்திலே அவிழ்ந்து, சமத்தில் வந்து விழுகின்றன. சனங்கள் ஆரவாரிக்கிறார்கள். இடையில் ஒரு குழந்தை அழுகிறது.

பெரியப்பா தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, இது தெட்சணாமூர்த்தியேதான். பேரைப் போட்டு இணையத்திலை விடு. உலகம் கேக்கட்டும்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் சுருளின் பெட்டியில் அப்பப்பாவின் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: "பூங்காவனம். தவில்." பெயரில்லை, ஊரில்லை, ஆண்டில்லை. முதிய தவில் கலைஞர் ஒருவரிடம் கொண்டுசென்று போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார். பின்னர் சொன்னார்: "கை நல்ல கை, மாஸ்ரர். ஆனா ஆர் எண்டு நான் சொல்லமாட்டன். அந்த நாளிலை எல்லாரும் அவரைப்போல வாசிக்கத்தான் ஆசைப்பட்டவை."

அந்த ஒரு வார்த்தையில் ஒரு காலத்தின் இசை வரலாறே அடங்கியிருந்தது. ஒரு மேதையின் பாணி ஊரெல்லாம் பரவிய பிறகு, பாணியை மட்டும் வைத்து ஆளை நிறுவ முடியாது. பழம்பாடல் ஒன்றை நடை ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரு பெரும் புலவரின் தலையில் ஏற்றிவிடும் பிழையை மாணவர்க்கு எடுத்துச்சொல்லும் நான், அதே பிழையை எப்படிச் செய்வேன்? அப்படிச் செய்தால் இரண்டு பேருக்கு அநீதி. தெட்சணாமூர்த்தி வாசிக்காத ஒன்றை அவருடையதாக்குவது ஒன்று. உண்மையில் வாசித்த கலைஞர் வேறொருவராயின், அவரை இன்னொரு தடவை மறக்கடிப்பது மற்றொன்று.

இதைச் சொன்னபோது பெரியப்பாவுக்கு மனம் நொந்துவிட்டது. "எங்கடை ஐயா பதிஞ்சது பொய்யோ?" என்று கேட்டார். பல மாதங்கள் பேசவில்லை.

பின்னர் ஒருநாள் இரண்டாம் சுருளின் கடைசிப் பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேளம் ஓய்ந்ததும் அப்பப்பாவின் குரல் கேட்டது: "தம்பி, நாடா முடியப்போகுது. மற்றச் சுருளை எடு." அந்தத் தம்பி பெரியப்பாதான்; அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன். உடனே தொலைபேசியில் அழைத்தேன். "நீங்கள் பக்கத்திலை இருந்திருக்கிறியள். வாசிச்சவரின்ரை முகம் ஞாபகமிருக்கோ?" என்று கேட்டேன். நெடுநேரம் மௌனம். பிறகு சிரித்தார். "நான் மேளகாரரை எங்கை பாத்தனான்? சுருள் நிண்டுபோனால் ஐயா பேசுவார் எண்டு சுருளைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அதன்பிறகு இருவருமாகச் சேர்ந்து அந்தப் பதிவுக்கு ஒரு குறிப்பு எழுதினோம்: "தவில், பூங்காவனத் திருவிழா, 1960கள். வாசித்தவர் பெயர் தெரியவில்லை. பதிந்தவர் வேலணையைச் சேர்ந்த வர்த்தகர்." அடக்கமான குறிப்புத்தான். ஆயினும் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நேயர்களே, 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம் என்று கணக்குச் சொல்கிறோம். வீடுகளோடு அழிந்த ஒலிநாடாக்களுக்குக் கணக்கே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்றவை நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் இன்று எண்ணிம வடிவிற் பேணிவருகின்றன. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய கசற் இருக்கக்கூடும். அதை வெயிலும் ஈரமும் படாமல் எடுத்துவையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, யார், எங்கே, எப்போது என்ற மூன்றையும் அதன்மேல் எழுதுங்கள். என் அப்பப்பா எழுத மறந்தவை அந்த மூன்றுந்தான்.