கோவேறு கழுதை ஓட்டினவர் பிடித்த வானம்

ஆந்த்ரோமெடா படத்தைப் பார்க்காதவங்க இப்போ ரொம்பக் குறைச்சல். நடுவுல மஞ்சளா ஒரு வெளிச்சம், சுத்தி நீலமும் பழுப்புமா சுருள் சுருளா ஒரு பெரிய தட்டு. கம்ப்யூட்டர்ல முகப்புப் படமாக்கூட வச்சிருக்காங்க. எங்க ஊர்ல ஒருத்தர், "இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே வரையறதுப்பா" என்று அடிச்சுச் சொல்றார். வரையறது இல்லீங்க. அது நிஜமாவே மேல இருக்கு. கார்த்திகை மாசம், நிலா இல்லாத ராத்திரி, எட்டரை ஒன்பது மணிக்கு உச்சிக்குக் கொஞ்சம் வடக்கால பாருங்க. உத்திரட்டாதி தெரிஞ்சவங்களுக்கு அங்கிருந்து வழி சுலபம். பீடிப் புகையை ஊதி விட்ட மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஆனா அவ்வளவுதான் தெரியும். சுருளும் இல்லை, நீலமும் இல்லை. பெரிய தொலைநோக்கியில கண்ணை வச்சாலும் புகை கொஞ்சம் பெருசாகுமே தவிர, படத்துல பார்க்கிறது கிடைக்காது. அந்தப் புகைக்குள்ள இருந்து படத்தை எப்படிக் கறந்தாங்க என்கிற கதையில, எட்டாங்கிளாசோட படிப்பை விட்ட ஒருத்தர் வர்றார். அவருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மொதல்ல கண்ணோட சங்கதி. நம்ம கண்ணு வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. ஒரு நொடிக்குள்ள வந்ததைப் பார்க்கும், அப்புறம் விட்டுடும். உள்ளங்கையில தண்ணி பிடிக்கிற மாதிரி. போட்டோ எடுக்கிற தகடு அப்படி இல்லை, அது தொட்டி. வெள்ளி உப்பு பூசின கண்ணாடித் தகட்டுல ஒளி சொட்டுச் சொட்டா விழ விழ, விழுந்தது அங்கேயே நிக்கும். ஒரு மணி நேரம் திறந்து வச்சா ஒரு மணி நேரத்து வெளிச்சம் சேரும். கண்ணுக்கு எத்தனை நேரம் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரம் தகட்டுல புள்ளியா உட்கார்ந்திருக்கும்.

இதை ஆரம்பிச்சு வச்சவங்க யாரும் வானத்துக்குச் சம்பளம் வாங்கினவங்க இல்லை. 1880 செப்டம்பர் 30 ராத்திரி ஹென்றி டிரேப்பர் என்கிற அமெரிக்க டாக்டர், ஓரியன் நெபுலாவை ஐம்பது நிமிஷத்துக்கு மேல தகட்டுல பிடிச்சார். திருவாதிரையும் மூணு நட்சத்திர வரிசையும் இருக்கிற கூட்டத்துக்குள்ள இருக்கிற மேகம் அது. 1883-ல ஆண்ட்ரூ காமன் என்கிற இங்கிலாந்துக்காரர் அதையே இன்னும் நல்லா எடுத்தார். தொலைநோக்கி வழியா யாருமே பார்த்திராத நட்சத்திரங்கள் அவர் தகட்டுல இருந்துச்சு. அவருக்குத் தொழில் கழிவுநீர் வசதி அமைக்கிற இன்ஜினியர் வேலை. 1888 டிசம்பர் 29-ல ஐசக் ராபர்ட்ஸ் ஆந்த்ரோமெடாவை மணிக்கணக்கா எடுத்தார். அவர் லிவர்பூல்ல கட்டிட கான்ட்ராக்டர். அந்தப் புகைத்திட்டுக்குச் சுருள் இருக்குன்னு உலகத்துக்கு மொதல்ல தெரிஞ்சது அந்தத் தகட்டுலதான். பார்த்தவங்க பல பேர், புதுசா ஒரு சூரிய குடும்பம் பக்கத்துலயே பிறந்துக்கிட்டிருக்குன்னு நினைச்சாங்க. அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்ல யாருக்கும் வழி இல்லை.

இனி மவுன்ட் வில்சன். அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலீஸ் ஊருக்கு மேல, சுமார் 5,700 அடி உயரத்துல இருக்கிற மலை. 1904-ல ஜார்ஜ் எல்லரி ஹேல் அங்க வானாய்வுக்கூடம் ஆரம்பிச்சார். மலைக்கு ஒழுங்கான ரோடு கிடையாது. கட்டுமானச் சாமான் பெரும்பாலும் கோவேறு கழுதை மேலதான் ஏறிச்சு. மலைப்பாதையில பொதி மாடு ஓட்டினவங்களைக் கேட்டா அதோட கஷ்டம் சொல்வாங்க. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், மிருகம் மிரண்டா சாமானும் போச்சு, ஆளும் போச்சு.

மில்டன் ஹ்யூமசன் 1891-ல பிறந்தவர். பதினாலு வயசுல கோடை முகாமுக்காக அந்த மலைக்குப் போனார். மலை பிடிச்சுப் போச்சு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருஷம் லீவு போட்டுக்கிறேன்னு வீட்டுல கேட்டுட்டு மலைக்கே திரும்பினார். அந்த லீவு முடியவே இல்லை. மலையில இருந்த ஹோட்டல்ல எடுபிடி வேலை பார்த்தார், அப்புறம் வானாய்வுக்கூடத்துக்குச் சாமான் ஏத்துற கோவேறு கழுதைகளை ஓட்டினார். அங்க வேலை செஞ்ச இன்ஜினியரோட மகளை 1911-ல கல்யாணம் பண்ணிக்கிட்டு, கொஞ்ச வருஷம் கீழே பண்ணை வேலைக்குப் போனார். 1917-ல நூறு அங்குலக் கண்ணாடி வச்ச புதுத் தொலைநோக்கி தயாராகுற சமயம், அந்த நாள்ல உலகத்துலயே பெருசு, மாமனார் மூலமா அங்க ஒரு வேலை கிடைச்சுது. கூட்டிப் பெருக்கித் துடைக்கிற காவலாளி வேலை.

அதுக்கப்புறம் ராத்திரி உதவியாளர் ஆனார். மேல இருந்தவங்க கொஞ்சம் கணக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, தகடு போட விட்டுப் பார்த்தாங்க. இவர் எடுத்த தகடு படிச்சவங்க எடுத்ததை விடத் துல்லியமா வந்துச்சு. 1920 வாக்குல ஹேல் அவரை விஞ்ஞானிகள் வரிசையிலேயே சேர்த்தார். எட்டாங்கிளாஸ் ஆளை எப்படிச் சேர்க்கலாம்னு முணுமுணுப்பும் இருந்திருக்கு. ஹேல் அதைக் காதுல போட்டுக்கலை. ஹேல் மேல எனக்கு மரியாதை வந்தது தொலைநோக்கி கட்டினதுக்காக இல்லை, இதுக்காகத்தான்.

அந்த வேலை என்னன்னு தெரிஞ்சாத்தான் அருமை புரியும். பூமி சுத்துறதால வானம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். தொலைநோக்கியும் கூடவே நகரணும். அதுக்குக் கடிகாரம் மாதிரி ஒரு இயந்திரம் உண்டு, ஆனா அதை அப்படியே நம்ப முடியாது. ஒரு ஆள் துளையில கண்ணை வச்சுக்கிட்டு, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கு இழை மேலேயே நிறுத்தி வைக்கணும். மயிரிழை விலகினா ஒரு பொத்தானைத் தட்டித் திருப்பணும். இப்படி மணிக்கணக்கா. கூரை திறந்திருக்கும், குளிர் எலும்புல ஏறும், கணப்பு வைக்கக்கூடாது. சூடான காத்து எழுந்தா தார் ரோட்டு மேல வெயில் அலையுற மாதிரி நட்சத்திரம் அலையும். ராத்திரி மூணு பேஸ் கரண்ட் வந்ததும் தண்ணி கட்டப் போறவன் நான். மடை மாத்துற நேரம் பார்த்து ஒரு நிமிஷம் கண் அசந்தா வரப்பு உடைஞ்சுடும். ஆனா நடுவுல வரப்புல கொஞ்சம் உட்காரலாம். ஹ்யூமசனுக்கு அதுவும் இல்லை.

இப்போ ஹப்பிள். ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சட்டம் படிச்சவர், 1919-ல மவுன்ட் வில்சனுக்கு வந்தார். 1923 அக்டோபர்ல அந்த நூறு அங்குலத் தொலைநோக்கியில ஆந்த்ரோமெடாவை எடுத்த ஒரு தகட்டுல, மினுக்கு ஏறி இறங்குற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சார். அந்த வகை நட்சத்திரம் எத்தனை நாளைக்கு ஒரு தரம் ஏறி இறங்குதோ, அதை வச்சே அதோட நிஜ வெளிச்சம் எவ்வளவுன்னு சொல்லலாம். ஹென்ரியட்டா லெவிட் என்கிற அம்மா 1912-லயே அந்தக் கணக்கைச் சொல்லியிருந்தாங்க. நிஜ வெளிச்சமும் நமக்குத் தெரியுற வெளிச்சமும் தெரிஞ்சா தூரம் வந்துடும். ஹப்பிளுக்கு வந்த தூரம் சுமார் 9 லட்சம் ஒளி ஆண்டு. அப்போ அது நம்ம பால்வீதிக்குள்ள இருக்கிற மேகம் இல்லை, வெளியே இருக்கிற இன்னொரு பால்வீதி. சூரிய குடும்பம் பிறக்குதுன்னு நினைச்ச புகை, கோடிக்கணக்கான சூரியன்.

அடுத்த வேலைதான் ஹ்யூமசனோடது. இந்த வெளி நட்சத்திரக் கூட்டங்கள் நம்மளை விட்டு விலகிப் போற வேகத்தை அளக்க, அதோட வெளிச்சத்தை நிறமாலையா பிரிச்சுத் தகட்டுல எடுக்கணும். கோடுகள் சிவப்புப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்குன்னு பார்த்தா வேகம் தெரியும். ஸ்லைஃபர் என்கிறவர் 1912-லேர்ந்தே சிறிய தொலைநோக்கியில பலதை அளந்து வச்சிருந்தார். அதுக்கு மேல, மங்கலான தூரத்துக் கூட்டங்களுக்கு ஒரு ராத்திரி பத்தாது. ஏற்கெனவே குறைச்சலான வெளிச்சம், அதையும் பிரிச்சுப் பரப்பினா என்ன மிஞ்சும்? விடியக்காலை தகட்டை மூடி இருட்டுல வச்சுட்டு, மறுநாள் ராத்திரி அதே தகட்டை, அதே கூட்டத்துக்கு நேரா மறுபடி திறப்பார். NGC என்கிற பட்டியல்ல 7619-ங்கிற எண் போட்ட கூட்டத்துக்கு ரெண்டு தகடு: ஒண்ணு 33 மணி நேரம், இன்னொண்ணு 45 மணி நேரம். வந்த வேகம் நொடிக்கு 3,779 கிலோமீட்டர். அதுவரைக்கும் அளந்ததுல எதுவும் அந்த வேகத்துக்குக் கிட்டயே இல்லை. 1929-ல அவர் அதை வெளியிட்டார். அதே வருஷம் ஹப்பிள், தூரம் கூடக்கூட வேகமும் கூடுதுன்னு எழுதினார். 1931-ல ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட கட்டுரையில வேகம் நொடிக்கு 20,000 கிலோமீட்டர் கிட்ட போயிடுச்சு. பிரபஞ்சம் விரியுதுன்னு பள்ளிப் புத்தகத்துல ஒரு வரியில படிக்கிறோமே, அந்த வரிக்குப் பின்னால கோவேறு கழுதை ஓட்டின கை இருக்கு. பேர் என்னவோ ஹப்பிளுக்குத்தான் நின்னுச்சு. விண்வெளித் தொலைநோக்கிக்கும் அவர் பேர்தான்.

இருட்டைப் பத்திச் சொல்லாம முடியாது. கீழே லாஸ் ஏஞ்சலீஸ் வளர வளர மலை மேல வானம் வெளுத்துக்கிட்டே வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல எதிரி விமானத்துக்குப் பயந்து ஊர் விளக்கை அணைச்சாங்க. அந்த வானாய்வுக்கூடத்துல வால்டர் பாடே என்கிற ஜெர்மன்காரர் இருந்தார். எதிரி நாட்டுக்காரர்ங்கிறதால போர் வேலைக்குச் சேர்க்கலை. மத்தவங்க அந்த வேலைக்குப் போயிட்டாங்க, தொலைநோக்கி இவருக்குக் கிடைச்சுது, கீழே இருட்டும் கிடைச்சுது. 1943-ல ஆந்த்ரோமெடாவோட நடுப்பகுதியைத் தனித்தனி நட்சத்திரமா பிரிச்சு எடுத்தார், ஹப்பிளுக்கே பிடிபடாத இடம் அது. அங்கிருந்து தொடங்கின வேலையில, பத்து வருஷத்துக்குள்ள ஹப்பிள் சொன்ன தூரம் ரெண்டு மடங்கு ஆச்சு. இன்னிக்குக் கணக்கு 25 லட்சம் ஒளி ஆண்டு. 1943-ல எடுத்தது ஹப்பிளோட அதே கண்ணாடியிலதான், கீழே விளக்கு அணைஞ்சது அதுக்குப் பெரிய உதவி.

நம்ம ஜவ்வாது மலையில காவலூரை வைணு பாப்பு தேடிப் பிடிச்சதும் இருட்டுக்காகத்தான். எங்க ஊர்ல முச்சந்தியில உயரக் கம்பத்துல விளக்கு போட்டதுலேர்ந்து, அந்தப் பக்கத்து வயல்ல நின்னா ஆந்த்ரோமெடா தெரியறதில்லை. விளக்கே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். பாம்பு நடமாடுற பாதை, பொம்பளைப் பிள்ளைங்க பஸ் இறங்கி வர்ற பாதை. வெளிச்சம் தரையில விழற மாதிரி மேல ஒரு தொப்பி போட்டிருக்கலாம். ஆகாசத்துக்கு எதுக்குங்க விளக்கு?

இப்போ கண்ணாடித் தகடு போயிடுச்சு. 1969-ல கண்டுபிடிச்ச மின்னணுச் சில்லு, தகட்டை விடப் பல மடங்கு வெளிச்சத்தைப் பிடிக்குது. குறுக்கு இழையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்குது. நகரத்துல மொட்டை மாடியில இருந்து, நூத்துக்கணக்கான படத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஆந்த்ரோமெடா எடுக்கிற பிள்ளைங்க இருக்காங்க. அதுவும் தொட்டியில தண்ணி சேர்க்கிற வேலைதான்.

ஹ்யூமசனுக்கு 1950-ல ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துச்சு. 1956-ல மேயல், சாண்டேஜ் ரெண்டு பேரோட சேர்ந்து எண்ணூத்துக்கு மேல கூட்டங்களோட வேகப் பட்டியலை வெளியிட்டார். மறு வருஷம் ஓய்வு. 1961-ல ஒரு வால்நட்சத்திரம் கண்டுபிடிச்சார், அதுக்கு அவர் பேர். 1972-ல இறந்தார். அந்த நூறு அங்குலத் தொலைநோக்கி இன்னும் அந்த மலையிலதான் இருக்கு. விளக்கு மிஞ்சிப் போனதால 1980-கள்ல ஒரு தடவை மூடிட்டு, அப்புறம் திறந்தாங்க. இப்போ காசு கட்டினா பொதுஜனமும் ராத்திரி போய் அதுல கண்ணை வச்சுப் பார்க்கலாம்.