இறங்காமல் போகும் உரிமை

என் மின்சைக்கிளின் டயர் 4 அங்குல அகலம், மோட்டார் 750 வாட். பீடோங் பக்கத்துச் செம்பனைக் காட்டுக்குள் மழை விட்ட மறுநாள் ஓட்டினால்தான் அதன் அருமை தெரியும். கப்சாய் மோட்டார் வழுக்கும் சேற்றில், டயர்க் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும். டயர் பரந்து மண்ணைக் கவ்விக்கொள்ளும். அலாஸ்காவின் பனிக்கும் பாலைவன மணலுக்கும் என்று உருவான டயர் இது. இவ்வளவு சக்தி உள்ள வண்டியைச் சைக்கிள் என்று சொல்லிச் சாலையில் ஏற்ற முடியாது. அதனால் தோட்டப் பாதைகளோடு சரி.

அந்தப் பாதைகளில் முன்பு பால்மரங்கள் நின்றன. தாத்தா அங்கேதான் மரம் சீவினார்.

1888-ல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். 1890-களில் சைக்கிள் மோகம் பரவியது. காருக்கு முன்பே ரப்பரைத் தேடி உலகை அலையவைத்தது சைக்கிள்தான். அந்தத் தேடலின் தொடர்ச்சியாக எழுந்த தோட்டங்களுக்குத்தான் நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்தவர்கள், சைக்கிள் வாங்கியபோதும் அதில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

"தொரை எதிர்ல வந்தா எறங்கிரணும்டா. கிராணி வந்தாலும் எறங்கணும். ஏறியே போனா மறுநாள் பெரட்டுல பேரு இருக்காது" என்பார் தாத்தா. அவருடைய அப்பா, இறங்கி, தள்ளிக்கொண்டு, தலைகுனிந்து நின்றதை அவர் சிறுவனாகப் பார்த்திருக்கிறார்.

இதை வெறும் தாத்தா கதை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி வாசித்தேன். ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு எல்லாம் இருந்தன. அவற்றோடு இன்னொன்று: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை.

கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்தில் இது சின்னதாகத் தெரியலாம். ஆனால் கூலி மாதம் ஒருமுறை வருவது. இறங்குவது தினமும் நடப்பது, அதுவும் பெண்டாட்டி பிள்ளைகள் கண்முன்னால். அந்த மே மாதம் நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள்.

ஏழே மாதம்தான். டிசம்பரில் ஜப்பானியப் படை சயாம் எல்லையைத் தாண்டிக் கெடாவுக்குள் நுழைந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் அரண் இரண்டே நாளில் உடைந்தது. ஜப்பானியக் காலாட்படையின் பெரும்பகுதி தெற்கே போனது சைக்கிளில். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தக் கடகடச் சத்தத்தை டாங்கி என்று நினைத்து எதிரிகள் மிரண்டார்கள். இருபுறமும் கித்தா மரங்கள், நடுவே டயரில்லாத சைக்கிள்கள்! பால் இங்கே வடிந்தது. டயர் வேறெங்கோ உருவானது.

"தொரைங்க கார்ல ஓடிட்டானுங்க" என்று தாத்தா சிரிப்பார். உடனே சிரிப்பு நின்றுவிடும். புதிதாக வந்தவன் முன்னால் இறங்கினால் மட்டும் போதவில்லை, குனிந்து வணங்கவும் வேண்டியிருந்தது. சயாம் ரயில்பாதைக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை.

போருக்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் பழையபடி இறங்கத் தயாராக இல்லை. 1947-ல் ஹார்வர்ட் தோட்டத்தின் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை இதே பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளுக்கு எதிராக அணிவகுத்தது. போலீஸ் அடித்து ஒடுக்கியது. ஆனால் நிமிர்ந்த முதுகை முழுசாகக் குனியவைக்க முடியவில்லை. பின்னாளில் லயத்து வாசல்களுக்கு ஹோண்டா வந்தது. பிள்ளைகள் சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளுக்கு அதில்தான் போனார்கள்.

போன மாதம் செம்பனைக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். எதிரே பழைய சைக்கிளில் ஒரு வங்காளதேசத் தொழிலாளி வந்தார். என் வண்டியையும் ஹெல்மெட்டையும் பார்த்ததும் சட்டென்று இறங்கி, ஓரமாக ஒதுங்கி நின்றார். பாதை குறுகல், அதனால்கூட இறங்கியிருக்கலாம்.

நானும் நிறுத்தி இறங்கினேன். இரண்டு பேரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். யார் முதலில் ஏறுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.