மணல் சறுக்கு மேடும் 6,277 திமிங்கிலங்களும்

மோர்ட்டன்னு ஒரு பிரபு. லண்டன் ராயல் சொசைட்டியோட தலைவரா இருந்தவர். 1770ல கேப்டன் குக் ஆஸ்திரேலியாவோட கிழக்குக் கரையை ஒட்டி வர்றப்ப, கண்ணுல பட்ட ஒரு முனைக்கு அவர் பேரை வெச்சார். அந்த மனுஷன் 1768லயே போய்ச் சேர்ந்துட்டார், கப்பல்ல இருந்த குக்குக்குச் சேதி தெரியாது, பாவம். அப்புறம் 1773ல பயணக் குறிப்பை அச்சடிச்சவங்க ஸ்பெல்லிங்குல ஒரு எழுத்தைக் கூடப் போட்டுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தத் தப்பான ஸ்பெல்லிங்தான் மோர்ட்டன் தீவுக்கு. அது தனித் தீவுங்கிறதே 1799ல மேத்யூ ஃபிளிண்டர்ஸ் வந்து சுத்திப் பார்த்தப்பதான் வெள்ளைக்காரங்களுக்குத் தெரிஞ்சுது.

அங்கே காலங்காலமா இருந்த நூகி மக்கள் வெச்ச பேரு மல்கம்பின். அர்த்தம், மணல்மேடுகளோட இடம். எந்தப் பிரபுவும் வேண்டாம், பார்த்ததை அப்படியே சொல்லிட்டாங்க. எனக்கு அந்தப் பேருதான் பிடிச்சிருக்கு.

பிரிஸ்பேன்ல இருந்து படகுல ஒண்ணேகால் மணி நேரம். அக்காவும் அத்தானும் பிள்ளைங்களோட லீவுக்கு வந்திருந்தாங்க, மாஸ்டர்ஸ் படிக்கிற தம்பி ஊரைச் சுத்திக் காட்டணும்ல? அதனால டேங்கலூமா போனோம். மேற்குக் கரையில இருக்கிற ரிசார்ட்டு. அங்கேருந்து கொஞ்சம் உள்ளே போனா ‘டெசர்ட்’னு சொல்ற வெட்ட மணல்வெளி. கையில ஒரு மெல்லிசான பலகையைக் குடுத்து, அடியில மெழுகு தேய்ச்சு, குப்புறப் படுத்து தலை முன்னால போகச் சறுக்கச் சொல்றாங்க. வாயை மூடிக்கணும், முழங்கையைத் தூக்கிக்கணும், அவ்ளோதான் பாடம். மருமவன் ஒன்பது தடவை போனான். அத்தான் ஒரே தடவை. அதுக்கே பல்லுக்கிடையில மணல்னு சாயங்காலம் வரைக்கும் புலம்பல்.

மணல்மேடு ஏன் ஒரு பக்கம் சாய்வாவும் இன்னொரு பக்கம் செங்குத்தாவும் இருக்குன்னு மருமவன் கேட்டான். நல்ல கேள்வி. காத்து அடிக்கிற பக்கம் மணல் மெதுவா உருண்டு மேலே ஏறுது. உச்சியைத் தாண்டினதும் மறுபக்கம் சரியுது. காய்ஞ்ச மணல் சரியாம நிக்கிற சாய்வு ஏறக்குறைய 34 டிகிரிதான். அதுக்கு மேல ஏத்தினா தானா சரிஞ்சு அந்தச் சாய்வுக்கே வந்துடும். நாம சறுக்குறது அந்தப் பக்கத்துல. எங்க ஊர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல்ல சின்ன வயசுல உருண்டவனுக்கு இதெல்லாம் ஜுஜுபின்னு நினைச்சுத்தான் போனேன். இல்லை மக்கா, வேகம் வேற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரிசார்ட்டுக்குள்ள ஒரு பெரிய மேடை இருக்கு. பிள்ளைங்க அது மேல ஓடிப் பிடிச்சு விளையாடிட்டு இருந்தாங்க. அது திமிங்கிலம் அறுத்த மேடை.

1952ல இருந்து 1962 வரைக்கும் டேங்கலூமா ஒரு திமிங்கிலத் தொழிற்சாலை. கூன்முதுகுத் திமிங்கிலங்க கோடையில அண்டார்டிகா பக்கம் தின்னு கொழுக்கும். குளிர்காலத்துல குட்டி போட வடக்கே வெதுவெதுப்பான தண்ணிக்குப் போகும். வருஷா வருஷம் அதே பாதை, இந்தத் தீவுக்கு வெளியில கரையை ஒட்டியே. வேட்டைக்காரனுக்கு இதைவிட வசதி வேணுமா? நார்வேயிலிருந்து வேட்டைக் கப்பல்களைக் கொண்டு வந்தாங்க. சுட்டு, இழுத்துட்டு வந்து, அந்த மேடையில ஏத்தி, கொழுப்பை உரிச்சு, காய்ச்சி எண்ணெய் எடுத்தாங்க. எண்ணெய் மார்கரினுக்கும் சோப்புக்கும் போச்சு.

நான் படிக்கிறது புள்ளியியல், அதனால என் கண்ணு எண்ணிக்கைக்குத்தான் போகும். 1952ல 600. அடுத்த வருஷம் 700. அப்புறம் 1958 வரைக்கும் வருஷம் ஏறக்குறைய 600, அரசாங்கம் குடுத்த கோட்டா கிட்டத்தட்ட அப்படியே நிறைஞ்சுது. 1959லயும் 1960லயும் 660. 1961ல 591. 1962ல 68.

இன்னொரு தடவை அந்தக் கடைசி ரெண்டு எண்ணையும் பாருங்க. 591, அடுத்து 68. சீசன் நடுவுலயே கடையை மூடிட்டாங்க. பதினோரு சீசன்ல மொத்தம் 6,277.

அத்தான் என்ன சொன்னாருன்னா, “கண்ணு மண்ணு தெரியாம புடிச்சுத் தீர்த்துட்டாங்கப்பா, அதான்.” பாதி சரி. ஆனா ஏழெட்டு வருஷம் ஒரே அளவுல கிடைச்சது எப்படி ஒரே வருஷத்துல இப்படிக் காணாமப் போகும்? இதுக்குப் பதில் அந்தத் தீவுல கிடையாது. தெற்கே, ரொம்ப தூரத்துல இருக்கு. 1959-60, 1960-61 ரெண்டே சீசன்ல சோவியத் கப்பல்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் தெற்கே இருக்கிற அண்டார்டிகா கடல்ல 25,000க்கும் மேல கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்னிருக்கு. இதே திமிங்கிலங்க மேயப் போற இடம் அது. சர்வதேசத் திமிங்கில ஆணையத்துக்கு அனுப்பினது பொய்க் கணக்கு. தென்கோளத்துல 1947 முதல் 1973 வரை அவங்க கொன்ன கூன்முதுகுகள் 48,000க்கு மேல. காட்டின கணக்கு 2,710. ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி யாப்லகோவ் 1993ல போட்டு உடைச்சப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுது. சொந்தக் குறிப்புகளை ரகசியமா வெச்சிருந்த பழைய கப்பல் விஞ்ஞானிகள் சிலர் இருந்ததால உண்மையான கணக்கைத் திரும்பக் கட்ட முடிஞ்சுது.

பாருங்க, டேங்கலூமா ஆட்கள் கோட்டாவை மதிச்சவங்க. ஆனா அந்தக் கோட்டாவைப் போட்ட கணக்குலயே இன்னொருத்தன் ஓட்டை போட்டிருந்தான். அதுக்காக இவங்களை நல்லவங்கன்னு நான் சொல்ல வரலை. பொய்க் கணக்கு இல்லாமலே அந்தக் கோட்டா அதிகம்தான். ஆனா பொய் எண் எவ்வளவு தூரத்துல போய்க் குத்தும்ங்கிறதுக்கு எங்க வகுப்புல சொல்லித் தந்த எந்த உதாரணமும் இது கிட்ட நிக்காது.

1963ல கூன்முதுகு வேட்டைக்குத் தடை வந்தது. அப்போ இந்தக் கிழக்குக் கரைக் கூட்டத்துல மிச்சம் சில நூறுதான். தொழிற்சாலையை வித்தாங்க, ரிசார்ட் ஆச்சு. பக்கத்துல கடல்ல துருப்பிடிச்சு நிக்கிற பதினஞ்சு கப்பல் கூடத் திமிங்கில வேட்டையோடது இல்ல. படகு நிறுத்த அலைத்தடுப்பு வேணும்னு 1963க்கு அப்புறம் பழைய தூர்வாரிக் கப்பல்களைக் கொண்டு வந்து மூழ்கடிச்சது. (போட்டோல பயங்கரமா வரும். அக்கா முப்பது படம் எடுத்தா.)

நூகி மக்களை விட்டுட்டேனே. 1830களோட தொடக்கத்துல பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தத் தீவுல ஒரு நன்னீர்க் குட்டைப் பக்கம் அவங்க முகாமைச் சூழ்ந்து சுட்டாங்க. 20 பேர் வரைக்கும் செத்ததா பதிவு இருக்கு. மிச்சமிருந்தவங்க 1850 வாக்குல தெற்கே மிஞ்சரிபா தீவுக்குப் போயிட்டாங்க. வரைபடத்துல நார்த் ஸ்ட்ராட்புரோக். 2019ல ஃபெடரல் கோர்ட்டு, நூகியையும் சேர்த்த குவாண்டமூக்கா மக்களுக்கு மல்கம்பின் மேல பூர்வீக உரிமை இருக்குன்னு தீர்ப்பு சொல்லிச்சு. சறுக்குப் பலகை தர்ற இடத்துல இதை யாரும் எங்ககிட்ட சொல்லலை. நானா தேடிப் படிச்சதுதான்.

அந்த மிஞ்சரிபாவுல பாயின்ட் லுக்அவுட்னு ஒரு பாறைமுனை. பல வருஷமா அங்கே உக்காந்து ஆராய்ச்சியாளர்கள் கடந்து போற திமிங்கிலங்களை ஒண்ணொண்ணா எண்ணியிருக்காங்க. 2015 கணக்குல ஏறக்குறைய 24,500. வருஷத்துக்குச் சுமார் 11 சதவீதம் கூடிட்டே வந்திருக்கு. 2022ல ஆஸ்திரேலிய அரசு அழியும் அபாயப் பட்டியல்லேருந்தே கூன்முதுகை எடுத்துடுச்சு.

போறதா இருந்தா ஜூனுக்கும் அக்டோபருக்கும் நடுவுல போங்க. நாங்க திரும்பி வந்தது ஆகஸ்ட்டு சாயங்காலம். அத்தான் கீழே தூங்கிட்டார். மருமவன் மட்டும் படகோட மேல்தளத்துல நின்னு, முதுகு தெரிஞ்சாலும் தெரியாட்டியும் ஒவ்வொரு அலையையும் சத்தமா எண்ணிட்டே வந்தான். பதினேழுன்னான். எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுகூட இல்லை.