சுருட்டுத் துண்டுகள்

அல்சைமர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெருசினியை?

1906 நவம்பர் 3-ம் தேதி ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில், நினைவு தப்பி 55 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்டதை அலாய்ஸ் அல்சைமர் விவரித்தார். அவையில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

ம்யூனிக்கில் தன்னிடம் பயில வந்த இத்தாலிய இளைஞர் கயெட்டானோ பெருசினியிடம் அதே மூளையையும் இன்னும் மூன்று நோயாளிகளின் விவரங்களையும் அவர் ஒப்படைத்தார். விரிவான கட்டுரை 1909-ல் பெருசினி பெயரிலேயே வந்தது. தினமும் மாணவர்களின் நுண்ணோக்கி ஒவ்வொன்றின் அருகிலும் உட்கார்ந்து விளக்குவாராம் அல்சைமர். சாயங்காலம் மேசைக்கு மேசை ஒரு சுருட்டுத் துண்டு கிடக்குமாம்.

1910-ல் க்ரேப்பலின் தன் பாடநூலில் நோய்க்கு குருவின் பெயரை வைத்தார். 1915 டிசம்பரில், சில நாள் இடைவெளியில், குருவும் சீடரும் இறந்துபோனார்கள்.

மாணவர் எழுதிய கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்ளும் வழிகாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருட்டுத் துண்டுகளின் மதிப்பு புரியும்.