நியூயோர்க் சிற்றி கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணி

நியூயோர்க் நகரின் அரச கல்லூரி ஒன்றின் அணி, 'பீவர்ஸ்' எனப்படுவது. அக்காலத்தில் கட்டணம் அறவிடாத அக்கல்லூரியில் தொழிலாளர், குடியேறிகளின் பிள்ளைகளே பெருமளவில் படித்தனர். யூத, கறுப்பின இளைஞர்கள் தோளோடு தோள் நின்று ஆடிய இவ்வணி, பயிற்றுநர் நாட் ஹோல்மனின் கீழ் 1950இல் என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. எனும் தேசியக் கல்லூரிப் போட்டித் தொடர்களின் கிண்ணங்கள் இரண்டையும் ஒரே பருவத்தில் வென்றது. வேறெந்த அணிக்கும் வாய்க்காத பெருமை இது. என்.ஐ.டி. காலிறுதியில் பலம்மிக்க கென்டக்கி பல்கலைக்கழக அணியை 89–50 எனச் சாய்த்தது. பிராட்லி பல்கலைக்கழகத்துடனான என்.சி.ஏ.ஏ. இறுதியாட்டத்தின் கடைசி விநாடிகளில் இர்வின் டாம்ப்ரொட் எதிரணியின் எறிதலைத் தடுத்துப் பந்தை நோர்ம் மேகருக்கு அனுப்ப, அவர் அதைக் கூடையிலிட்டார், முடிவு 71–68. மறு ஆண்டே, சூதாட்டக்காரரிடம் பணம் பெற்றுப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்த குற்றச்சாட்டில் வீரர் எழுவர் கைதாயினர். அந்த நகரத்து ஏழை வீடுகளுக்கு அது பேரிடி. கைதானவர்களில் ஒருவரான ஃபுளோய்ட் லேன் 1974இல் அதே கல்லூரியின் பயிற்றுநரானார். அணி இன்று என்.சி.ஏ.ஏ. மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.