சி.சி.ஐ.இ. சான்றிதழும் கேரள எல்லைத் தமிழ் இளைஞர்களும்

சி.சி.ஐ.இ. என்பது கணினி வலையமைப்புத் துறையில் சிஸ்கோ நிறுவனம் வழங்கும் வல்லுநர் நிலைச் சான்றிதழ். 1993இல் தொடங்கியது. தேறியவருக்கு ஓர் எண் கிடைக்கும். அது வேறு எவருக்கும் தரப்படாது. எண்வரிசை 1024இல் தொடங்குகிறது, அந்த முதல் எண் தேர்வு நடக்கும் லேபுக்கே வழங்கப்பட்டது. தேர்வை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிக்ஸ் 1025. சிஸ்கோவுக்கு வெளியிலிருந்து முதலில் தேறிய டெரி ஸ்லாட்டரி 1026.

தொடக்கத்தில் லேப் தேர்வு இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் வலையமைப்பைக் கட்ட வேண்டும். மறுநாள் தேர்வு நடத்துபவர் அதில் புகுத்தும் பழுதுகளைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். 2001இல் அது ஒரே நாளாகச் சுருங்கியது. 2020இல் வந்த மாற்றத்துக்குப் பின் எட்டு மணி நேரத் தேர்வு இரு பகுதிகளாக நடக்கிறது: மூன்று மணி நேரம் வடிவமைப்பு, ஐந்து மணி நேரம் நிறுவலும் இயக்கமும். லேபுக்குப் போகுமுன் எழுத்துத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். பட்டமோ முன்சான்றிதழோ கட்டாயமில்லை. பாலிடெக்னிக் முடித்தவரும் எழுதலாம், பொறியியல் பட்டதாரியும் எழுதலாம்.

இந்தத் திறந்த வாசல்தான் பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளுக்கு இச்சான்றிதழை முக்கியமாக்குகிறது. வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களிலும், மலைமேல் மூணாறு, மறையூர், தேவிகுளம், வண்டிப்பெரியார், குமுளி பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் திரளாக வாழ்கிறார்கள். தொலைத்தொடர்புத் தொழில் இங்கே புதிதன்று. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் 1976இல் தொடங்கிய, பொதுத்துறைத் தொலைபேசி நிறுவனமான ஐ.டி.ஐ.யின் ஆலை தொலைபேசி இணைப்பகக் கருவிகளைச் செய்தது. பாலக்காட்டின் என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி 1960 முதல் இயங்குகிறது, ஐ.ஐ.டி. 2015இல் வந்தது. இடுக்கியில் பைனாவிலும் மூணாறிலும் பொறியியல் கல்லூரிகள் உண்டு.

வாசல் திறந்திருந்தாலும் படி உயரம். எழுத்துத் தேர்வுக்கு 400 டாலர், லேபுக்கு 1,600 டாலர். இரண்டும் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு இது ஏறத்தாழ ஓராண்டுக் கூலி. லேபில் பலர் முதல் முறை தேறுவதில்லை. மறுமுறைக்கும் முழுக் கட்டணம். இந்தியாவில் லேப் பெங்களூரில் இருக்கிறது. பாலக்காட்டுக்காரருக்கு அது ஓர் இரவு ரயில் பயணம். மூணாறிலிருந்து போகிறவர் முதலில் மலை இறங்க வேண்டும். ஒரு காலத்தில் பழைய ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் வாங்கி அடுக்கியோ, அப்படி அடுக்கிய ‘ராக்’ ஒன்றை வாடகைக்கு எடுத்தோதான் பழக முடிந்தது. இன்று ஜி.என்.எஸ்.3, ஈவ்-என்.ஜி. போன்ற மென்பொருள்களில், நினைவகம் அதிகமுள்ள ஒரே கணினிக்குள் முழு வலையமைப்பையும் ஓட்டிப் பார்க்கலாம். மலையூர் மாணவருக்கு இது பெரிய விடுதலை.

பணத்தைவிடக் கடினமான தடை மொழி. லேப் தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில். வடிவமைப்புப் பகுதியில் கற்பனை நிறுவனம் ஒன்றின் மின்னஞ்சல்களும் வரைபடங்களும் குறிப்புகளும் கொடுக்கப்படும். அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் தேவையைப் படித்துக் கண்டுபிடித்து விடை சொல்ல வேண்டும். ஒரு கேள்வியைக் கடந்தால் அதற்குத் திரும்ப முடியாது. எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, மலையாளத்தில் ஊர்க் காரியங்களை நடத்திப் பழகிய ஒருவருக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. பி.ஜி.பி., ஓ.எஸ்.பி.எஃப். ஆகிய, தரவுக்கு வழி தேர்ந்தெடுக்கும் நெறிமுறைகளை அவர் தலைகீழாக அறிந்திருந்தாலும், மூன்று பக்க ஆங்கிலத்தை விரைந்து வாசிக்கத் தடுமாறினால் நேரம் போய்விடும். பயிற்சி நிலையங்கள் கட்டளைகளைக் கற்பிக்கும் அளவுக்கு இந்த வாசிப்பைக் கற்பிப்பதில்லை. இது அவற்றின் பெருங்குறை. வினாக்களைக் கசியவிட்டு விற்கும் ‘டம்ப்ஸ்’ வணிகம் அந்த இடைவெளியில் புகுந்துகொள்கிறது. அதை மனப்பாடம் செய்து சான்றிதழ் பெறுகிறவர், வேலையில் முதல் பெரிய பழுது வரும் நாளில் கையைப் பிசைந்து நிற்பார்.

தேறியவரின் தொழில்வாழ்வு பெரும்பாலும் ஊருக்கு வெளியே விரிகிறது. சிஸ்கோ கருவிகளை விற்று நிறுவும் கூட்டாளி நிறுவனங்கள் ‘கோல்டு’ தகுதி பெறக் குறைந்தது நான்கு சி.சி.ஐ.இ. வல்லுநர்களை வைத்திருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அதனால் எண் வைத்திருப்பவரை நிறுவனங்கள் தேடி எடுத்தன. பெங்களூர், சென்னை, கொச்சி, அதற்கப்பால் வளைகுடா நாடுகள் என்பதே வழக்கமான பாதை. பாலக்காட்டார் கோவைக்குத் தினமும் போய்வர முடியும். இடுக்கிக்காரருக்கு அந்த வசதி இல்லை. மேகக் கணிமை வந்தபின் கருவிகளைக் கையால் அமைக்கும் வேலை குறைந்து, பைத்தான் கொண்டு தானியக்கமாக்கும் வேலை பெருகியிருக்கிறது. லேப் தேர்விலும் அது சேர்ந்துவிட்டது. சான்றிதழை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே ஒருமுறை தேறியதோடு படிப்பு நிற்பதில்லை.

உள்ளூரிலும் வலையமைப்பு வளர்ந்திருக்கிறது. தேசியக் கண்ணாடியிழைத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில் முழுமையாக இணைந்த மாவட்டமாக 2015 ஜனவரியில் இடுக்கி அறிவிக்கப்பட்டது. கேரள அரசின் கே-ஃபோன் இணையத் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. அதன் இழைகள் மின்வாரியக் கம்பங்கள் வழியே ஓடுகின்றன; கட்டுப்பாட்டு மையம் கொச்சி இன்ஃபோபார்க்கில் இருக்கிறது. மலையில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இழை இணைப்பதும் பழுதுபார்ப்பதுமே. வடிவமைக்கும் மேசை நகரத்தில் இருக்கிறது. அந்த மேசைகளில் சிலவாவது தொடுபுழாவுக்கோ மூணாறுக்கோ வர வேண்டும்.

வடிவமைப்பின் தேவை மலைக்குத் தெரியாததன்று. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு–மறையூர் சாலையின் பெரியவாரைப் பாலம் இடிந்தது. அந்த வழி அடைபட்டது. ஒரு பாதை விழுந்தால் போக்குவரத்து எந்த மறுபாதையில், எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பதே வடிவமைப்புத் தேர்வு மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்வி. அந்த ஆகஸ்டில் மறையூரில் இருந்தவருக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.